நம் வீட்டுக் கோழி, முதலில் யார் தட்டுக்கு?



இந்த முறை இருமலைப் பற்றியோ சொறி சிரங்கைப் பற்றியோ எழுதப் போவதில்லை. கோழிக்கறியைப் பற்றி எழுதப் போகிறேன். "என்னா டிரெசரய்யா, ஆஸ்பத்திரியைச் சாத்திட்டு சாப்பாட்டுக் கடை போடப் போறீங்களா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துவிட்டு, கடைசி வரைக்கும் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களின் ரத்தத்தைப் பற்றிய விஷயம் இது.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம். பால் வெட்டும் ஓர் அக்காவை இரண்டு பேர் கைத்தாங்கலாக மருந்தகத்துக்கு அழைத்து வந்தார்கள். மரத்தடியிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம். வயது முப்பத்தெட்டு. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்; வெளுத்துக் கிடந்தது. உள்ளங்கையிலும் சிவப்பு இல்லை. விரலில் குத்தி ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது.

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணி குடிச்சேன்."

"நேத்து ராத்திரி?"

"பிள்ளைங்களுக்கு பாக்கெட் மீ அவிச்சேன். மிச்சத்த நான் சாப்பிட்டேன்."

"கோழி, மீன், முட்டை ஒன்னும் இல்லையா?"

அந்த மயக்கத்திலும் அவர் சிரித்தார். "கோழிக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால பதினாலு நிக்குதே ஐயா. சனிக்கிழமை டவுனுக்குப் போயிடும். கம்போங் கோழின்னா நல்ல வெலை குடுக்கிறாங்க."

அவருடைய பெயரும் தோட்டமும் இங்கே வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கதை இல்லை. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுக்க நடத்திய ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரிந்தது. அதே ஆய்வில், பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அதிலும் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். பக்கத்து வீட்டைப் பார்க்காமல், அவரவர் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த அக்காவின் கணக்கை நான் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு கோழி விற்றால் அவர் கைக்கு இருபத்தெட்டு வெள்ளி வருகிறது. அந்தக் காசில் பாக்கெட் மீ, சர்டின் டின், இனிப்புத் தண்ணி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வருகிறது. அதாவது நாலைந்து மாதம் புல்லும் பூச்சியும் கொத்தித் தின்று, வெயிலிலும் மழையிலும் ஓடி வளர்ந்த நல்ல இறைச்சி வீட்டை விட்டுப் போகிறது. மாவும் உப்பும் சர்க்கரையும் வீட்டுக்குள் வருகின்றன. இந்த வியாபாரத்தில் யாருக்கு லாபம்?

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்குத் தவணை இருக்கிறது, எனக்கும் தெரியும். என் கருத்து இவ்வளவுதான்: நாலு கோழியில் மூன்றை விற்றால், ஒன்று வீட்டுக்கு. அந்த ஒன்றையும் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் என்று ஒதுக்காமல், வேலை நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாப்பாட்டில் வீட்டுப் பெண்ணுக்கும் சதை விழ வேண்டும், வெறும் சாறு அல்ல.

உடனே ஒரு பதில் வரும் என்று தெரியும். "ஐயா, காலையில நாலு மணிக்கு எந்திரிக்கிறோம். பெரட்டுக்கு ஓடுறோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா துணி இருக்கு, பிள்ளைங்க பாடம் இருக்கு. கம்போங் கோழி வேகறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மீ அஞ்சு நிமிஷத்துல வெந்திடுது. நாங்க என்னா செய்யிறது?"

நியாயமான கேள்வி. ஓடித் திரிந்த கோழியின் காலும் தொடையும் இறுகித்தான் இருக்கும். அவை மெதுவாக வேக வேண்டியவை. ஆனால் அதே கோழியில் பாக்கெட் மீ வேகிற நேரத்தில் வெந்துவிடும் சதை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் தெரியாமல் குழம்புச் சட்டியில் போட்டு, ஒன்றரை மணி நேரம் கொதிக்க வைத்து, சக்கையாக்கித் தின்கிறோம்.

அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். கோழியின் நெஞ்சுத் தோலை உரித்தால் இரண்டு பக்கமும் பெரிய சதை தெரியும். அதை நெஞ்செலும்பிலிருந்து கத்தியால் மெல்லப் பிரித்து எடுங்கள். அதற்கு அடியில், எலும்போடு ஒட்டி, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு சின்னச் சதை ஒளிந்திருக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் கோழிக்கு இரண்டு. கோழி நடப்பதற்கும் கிளறுவதற்கும் கால்தான் உழைக்கிறது. இந்த உள் சதைக்கு வேலை குறைவு. அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது. பல் போன பாட்டிக்கும் பல் முளைக்கிற பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

அதன் நடுவே வெள்ளையாக ஒரு நரம்பு போல ஓடும். அதன் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கத்தியின் முனையால் சதையைத் தள்ளினால் நரம்பு தனியாக வந்துவிடும். அதை எடுக்காவிட்டாலும் கெடுதல் இல்லை; மெல்லும்போது ரப்பர் மாதிரி இழுக்கும், அவ்வளவுதான்.

கம்போங் கோழி சின்ன உருப்படி. இரண்டு உள் சதையும் சேர்ந்தால் ஒரு கைப்பிடிதான் வரும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது போதாது. ஆகவே மேலே உள்ள பெரிய நெஞ்சுச் சதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதையில் கோடு ஓடும் பாருங்கள், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே சுண்டுவிரல் கனத்தில் நறுக்க வேண்டும். கோட்டோடு போனால் நார் நாராக வரும். குறுக்கே நறுக்கினால் மெதுவாக இருக்கும்.

இன்னொரு விஷயம். அறுத்த உடனே சமைத்தால் எந்தக் கோழியும் இறுகிப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் அறுத்து, சுத்தம் செய்து, ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் நறுக்குங்கள். அதோடு நாலைந்து மாதக் கோழியாகப் பாருங்கள். வருஷக்கணக்கில் முட்டையிட்ட கிழட்டுக் கோழி இந்த வேலைக்கு ஆகாது. அது குழம்புக்கும் ரசத்துக்கும்தான்.

இனி சமையல். நான் சமையல்காரன் இல்லை. என் வீட்டில் செய்வதையும், பெண்கள் எனக்குச் சொன்னதையும் எழுதுகிறேன்.

ஒன்று, மிளகுப் பிரட்டல். நறுக்கிய சதையில் கொஞ்சம் உப்பு, மஞ்சள்தூள், இடித்த மிளகு, அரை எலுமிச்சம்பழச் சாறு போட்டுப் பிசறி வையுங்கள். அந்த நேரத்தில் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை நறுக்கிவிடலாம். குவாலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, சதையைக் குவிக்காமல் பரப்பிப் போடுங்கள். குவித்தால் தண்ணீர் விட்டு வேகும்; பரப்பினால் வறுபடும். இரண்டு நிமிஷம் கிளறாமல் விட்டு, திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிஷம். பிறகு வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையைச் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்க வேண்டியதுதான். சோறு ஏற்கனவே வெந்திருந்தால் பத்து நிமிஷத்தில் சாப்பாடு தயார்.

இரண்டாவது, பிள்ளைகள் மீதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிற நாளைக்கு. மீயையே போடுங்கள், ஆனால் அதோடு வரும் மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, மீதியைக் குப்பையில் போடுங்கள். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஐந்து கிராம், அதற்கு மேல் ஆகாது. பல பாக்கெட் மீயில் ஒரே வேளையில் அதில் பாதியோ அதற்கு மேலோ இருக்கிறது. இஞ்சி, பூண்டு தட்டிப் போட்டு, கோழிச் சதையை வதக்கி, ஒரு தேக்கரண்டி கிச்சாப்பு விட்டு, இரண்டு பிடி சாவிக் கீரையோ கங்கோங்கோ சேருங்கள். மீயும் அதில் சேரட்டும். அதே மீ, அதே அடுப்பு; ஆனால் தட்டில் இறைச்சியும் கீரையும் வந்துவிட்டன.

மூன்றாவது, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கும், வயதானவர்களுக்கும். அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சியாக்கி, ஒரு துண்டு இஞ்சியோடு உள் சதையை அதிலேயே போட்டு முழுக்க வேகவிடுங்கள். வெந்ததும் எடுத்து, நார் நாராகப் பிய்த்துக் கஞ்சியில் திரும்பக் கலந்து, மேலே வெங்காயத் தாள் தூவிக் கொடுங்கள். டெங்கிக் காய்ச்சல் வந்து எழுந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லும் சாப்பாடு இதுதான்.

எந்த முறையில் செய்தாலும், கனமான துண்டு ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது; கசியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். கோழி இறைச்சிக்குள் சூடு 74 டிகிரி வரை ஏறினால்தான் கிருமி சாகும். அதற்காக அரை மணி நேரம் வறுத்துக் கட்டையாக்கவும் வேண்டாம். வெந்ததும் இறக்குவதுதான் இந்தச் சதையின் ரகசியம்.

சரி, மீதிக் கோழியை என்ன செய்வது? காலும் தொடையும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு. எலும்பும் கழுத்தும் மிளகு போட்ட ரசத்துக்கு. ஒரு கோழியில் மூன்று வேளை ஓடிவிடும். நெஞ்சுச் சதையை ஒரு வேளை அளவுக்குச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி உறைய வைத்துவிட்டால், வேலை நாளில் கை கொடுக்கும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தை ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள், சாயங்காலம் நறுக்கத் தயாராக இருக்கும். மேசை மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம்முடைய வெக்கைக்கு அது மத்தியானத்துக்குள்ளேயே கெட ஆரம்பித்துவிடும்.

ஈரலை மட்டும் மறக்காதீர்கள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சுச் சதை உடம்பு வளரவும் புண் ஆறவும் வேண்டிய புரதத்தைக் கொடுக்கும். 100 கிராம் பச்சைச் சதையில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். ஆனால் ரத்தம் ஊற வேண்டிய இரும்புச் சத்து நெஞ்சுச் சதையில் கொஞ்சமே உண்டு. ஈரலில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகம். நம் வீடுகளில் ஈரல் யாருக்குப் போகிறது? வீட்டுக்காரரின் தட்டுக்கு, அல்லது பூனைக்கு. ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் போகட்டும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடாமல், கிளினிக்கில் தாதியிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்குகிறவர்களும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். தேயிலைச் சாயம் உணவில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அதற்கு மாறாக எலுமிச்சம்பழமும் கொய்யாவும் இரும்பு சேர உதவி செய்யும். பிரட்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டுமல்ல.

இப்போது நான் என்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எங்கள் அம்மா கோழி அடித்தால் கால் இரண்டும் அப்பாவுக்கும் எனக்கும். நெஞ்சு தம்பிக்கு. அக்காவுக்கு இறக்கை. அம்மா கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவார்கள். "எனக்குச் சாறுதான்டா பிடிக்கும்" என்பார்கள். நான் அதை நம்பினேன். படித்து, பரீட்சை எழுதி, ரத்தசோகை என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலைக்கு வந்த பிறகும் நம்பினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியும் அதையே சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. இருக்கிற சதை போதாது என்றால் யாராவது ஒருவர் அப்படிச் சொல்லித்தானே ஆக வேண்டும்? எப்போதும் சொல்கிறவர்கள் பெண்கள்.

அதனால்தான் துண்டுகளாக நறுக்கிச் சமைப்பதை நான் வற்புறுத்துகிறேன். முழுக்காலாகப் போட்டால் இரண்டு பேருக்குத்தான் கால். சிறு துண்டாக நறுக்கினால், எண்ணி ஐந்து தட்டில் போடலாம். எங்கள் வீட்டில் இப்போது அடுப்பிலிருந்து இறக்கியதும் தட்டிலேயே பிரித்து வைத்துவிடுகிறோம். கடைசியில் சாப்பிடுகிறவருக்கு மிச்சம் என்ற பேச்சே இல்லை.

சுத்தத்தைப் பற்றியும் நாலு வார்த்தை. நாம் கோழியை மஞ்சள் தண்ணீரில் நாலு முறை அலசுகிறவர்கள். வீட்டில் அறுத்த கோழியில் இறகும் குடல் அழுக்கும் இருக்கும், கழுவத்தான் வேண்டும். ஆனால் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தண்ணீரோடு தெறித்து, பக்கத்தில் இருக்கிற தட்டிலும் காய்கறியிலும் விழும். வீட்டுக்கு வெளியே, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தூரக் கொட்டுங்கள். கடையில் சுத்தம் செய்து வாங்கிய துண்டுகளைத் திரும்பக் கழுவத் தேவையில்லை; அடுப்புச் சூடே கிருமியைக் கொல்லும். மஞ்சள் நல்லதுதான், ஆனால் அடுப்பு செய்கிற வேலையை மஞ்சள் செய்யாது.

கோழி வெட்டிய கத்தியாலும் பலகையாலும் வெள்ளரிக்காய் வெட்டாதீர்கள். முதலில் காயை நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் கோழியை நறுக்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பச்சை இறைச்சி ஐஸ் பெட்டியின் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில் இருக்கட்டும். உறைய வைக்காவிட்டால் இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

கோழி வளர்ப்பவர்களுக்கு: நிர்வாகம் அனுமதிக்கிற இடத்தில், வீட்டை விட்டுத் தள்ளிக் கூடு போடுங்கள். கோழி அடுப்படிக்குள் வந்து நடமாடக் கூடாது. பிள்ளைகள் கோழியைத் தூக்கி விளையாடினால் சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லுங்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியைத் தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே ஏடிஸ் கொசு முட்டையிடும்.

புல்லுக்கு மருந்து அடிக்கிற நாட்களில் கோழியைக் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். எந்தப் பக்கம், எந்த நாள் என்று மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பட்ட புல்லில் மேய்ந்த கோழியை அறுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

தானாகச் செத்த கோழியை ஒருபோதும் சாப்பிடாதீர்கள். 2004லும் 2017லும் கிளந்தான் மாநிலத்தில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சமயத்தில் நிறையக் கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல், கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

கோழி வளர்க்க வசதியில்லாத வீடுகளும் உண்டு. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர்கள் எங்கே வளர்ப்பது? அவர்களுக்கு நான் சொல்வது, பண்ணைக் கோழியைத் தாராளமாக வாங்குங்கள். "அது ஊசி போட்டு வளர்த்தது ஐயா" என்று பலர் பயப்படுகிறார்கள். பண்ணைக் கோழி ஐந்து ஆறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம் வளர்ச்சி ஊசி அல்ல. வேகமாக வளரும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், கணக்காகக் கொடுக்கும் தீனி, இவைதான் காரணம். ஓடி வளர்ந்த கோழியில் கொழுப்பு குறைவு, ருசி அதிகம், அது உண்மை. ஆனால் புரதம் இரண்டிலும் உண்டு. கம்போங் கோழி வாங்கக் காசில்லை என்று பிள்ளைக்குக் கோழியே கொடுக்காமல் இருப்பதுதான் தப்பு. தோலை உரித்துவிட்டுச் சமையுங்கள். பண்ணைக் கோழியின் உள் சதையைச் சில கடைகளில் தனியாகத் தட்டில் வைத்தே விற்கிறார்கள். விலை கூடுதல். முழுக் கோழி வாங்கி வீட்டில் பிரித்தால் அதே சதை மலிவாகக் கிடைக்கும்.

விலையைப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் பண்ணைக் கோழிக்கு அரசாங்கம் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்ச விலை வைத்திருந்தது. 2023 நவம்பர் முதல் தேதியோடு அந்த விலைக் கட்டுப்பாடும் உதவித் தொகையும் போய்விட்டன. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஒரு குடும்பம் வாடகையும் தவணையும் கட்டி, சத்தாகவும் சாப்பிட வேண்டும் என்றால் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சங்கத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அரிசி விலையோடு இறைச்சி விலையும் கணக்கில் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். மகளிர் பிரிவுக்கும் ஒரு வேண்டுகோள்: கூட்டம் நடக்கிற நாளில் ஒரு கோழியைக் கொண்டுவந்து, உள் சதையைப் பிரிக்கும் விதத்தைச் செய்து காட்டுங்கள். எழுத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்தால் ஒரே நாளில் கை பழகிவிடும்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மிளகுப் பிரட்டல் செய்யப் பத்து நிமிஷம்தான் ஆகும் என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷம் பெண்தான் நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நீங்களும் காலையில் அவரோடுதான் பெரட்டுக்குப் போகிறீர்கள். அவருக்குக் கால் வலிக்கிறதென்று உங்களுக்குத் தெரியாதா?

அந்த அக்காவைப் பற்றி முடித்துவிடுகிறேன். அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். டாக்டர் பார்த்து, அவருக்கு மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போவதைக் கண்டுபிடித்து அதற்கு வைத்தியம் செய்தார். இரும்பு மாத்திரையும் கொடுத்தார். 8.2ல் இருக்கிற ரத்தத்தைக் கோழியை மட்டும் வைத்து ஏற்றிவிட முடியாது, மாத்திரை வேண்டும். யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்கச் சாப்பாடு வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 11.4.

"இப்ப எத்தனை கோழி நிக்குது?" என்று கேட்டேன்.

"ஒன்பதுதான் ஐயா. ரெண்டை வித்தேன். மூணை அடிச்சுத் தின்னுட்டோம்" என்றார். ஏதோ திருடிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். தன் கோழியைத் தானே தின்றதற்கு ஒரு தாய் இப்படிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கண் இருட்டி வருகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வெளுத்திருக்கிறது என்றால் காத்திருக்காமல் மருந்தகத்துக்கோ கிளினிக்குக்கோ வாருங்கள். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். வரும்போது நேற்று ராத்திரி உங்கள் தட்டில் என்ன இருந்தது என்று நினைவு வைத்துக்கொண்டு வாருங்கள். நான் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.